கைப்பேசிக்குள் ஒரு விவிலிய நூலகம்

முன்பெல்லாம் ஒரு வீட்டிற்கு ஒரு விவிலியம் இருந்தது. அதன் முதல் பக்கத்தில் பெற்றோரின் திருமண நாளும் பிள்ளைகளின் திருமுழுக்கு நாளும் எழுதப்பட்டிருக்கும். அது எந்தப் பதிப்பு, யார் மொழிபெயர்த்தது, எந்த ஆயரின் அனுமதியோடு அச்சானது என்று யாராவது கேட்டால், இன்னொரு பக்கத்தைப் புரட்டிக் காட்டிவிடலாம். இன்றோ நம்மில் பலருடைய வீட்டுக் கைப்பேசியில் ஐந்தாறு விவிலியங்கள் இருக்கின்றன. எது யாருடையது என்று கேட்டால் விழிக்கிறோம். “இலவசமாகக் கிடைத்தது, இறக்கினேன்” என்பதே பெரும்பாலும் பதில்.

விவிலிய மென்பொருள் வேண்டாம் என்று வாதிட நான் இதை எழுதவில்லை. அதை நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஒரு சொல்லைத் தட்டினால் அது விவிலியத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று ஒரு நொடியில் காட்டும் கருவியை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அந்தக் கருவிக்குள் நாம் இறக்கி வைக்கும் நூல்களைத் தேர்ந்து, கணக்கு வைத்து, வேண்டாதவற்றை நீக்கி, ஒரு நல்ல நூலகத்தைப் போல் பேண வேண்டும்; நம் பள்ளியே அதற்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும். இதுவே என் கருத்து. “இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?” என்று கேட்கும் தோழியர் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

இம்மென்பொருள்கள் இயங்கும் விதத்தைப் பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மென்பொருள் என்பது வெறும் அலமாரி. நூல்கள் அதற்குள் இருப்பதில்லை. விவிலியப் பதிப்பு, விளக்கவுரை, அகராதி, அன்றாடச் சிந்தனை என்று ஒவ்வொன்றும் தனித்தனித் தொகுதியாக இணையத்தில் ஒரு களஞ்சியத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் ‘மாட்யூல்’ என்பார்கள். நமக்கு வேண்டியதை நாம்தான் இறக்கி அடுக்கிக்கொள்ள வேண்டும். கிராஸ்வயர் விவிலியச் சங்கம் என்ற தன்னார்வ அமைப்பு நடத்தும் ‘ஸ்வோர்டு’ திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் தொகுதிகளைக் கைப்பேசியில் ‘ஆண்ட் பைபிள்’ செயலியிலும், கணிப்பொறியில் ‘சைஃபோஸ்’, ‘பைபிள்டைம்’ போன்ற மென்பொருள்களிலும் படிக்கலாம். எல்லாம் இலவசம்.

ஒவ்வொரு தொகுதியுடனும் ஒரு சிறிய விவரக் கோப்பு வருகிறது. நூலின் பெயர், மொழி, எத்தனையாவது திருத்தம், யார் உரிமையாளர், பிறருக்குக் கொடுக்கலாமா கூடாதா, அதிகாரங்களையும் வசனங்களையும் எந்த முறைப்படி எண்ணியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். அச்சு நூலின் முதல் இரண்டு பக்கங்கள் செய்கிற வேலையை இந்தக் கோப்பு செய்கிறது. செயலியிலேயே ‘இத்தொகுதியைப் பற்றி’ என்ற இடத்தைத் தட்டினால் இவ்விவரங்களைக் காணலாம். அதைத் தட்டுகிறவர்தான் இல்லை.

தட்டாததால் என்ன குடி முழுகிவிட்டது என்கிறீர்களா? கேளுங்கள்.

திருக்குடும்பத் திருவிழாவன்று முதல் வாசகமாகச் சீராக்கின் ஞானம் 3-ஆம் அதிகாரம் வாசிக்கப்படுவது வழக்கம். தந்தையையும் தாயையும் மதித்தலைப் பற்றிய அருமையான பகுதி அது. கோவிலில் வாசிக்கும் பொறுப்பைப் பெற்ற ஒரு மாணவி, முந்தின நாள் வீட்டில் பயிற்சி செய்யக் கைப்பேசியைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் இறக்கி வைத்திருப்பது இலவச உரிமத்தில் பரவலாகக் கிடைக்கும் தமிழ்ப் பதிப்பான ‘இந்தியத் திருத்திய பதிப்பு’. தெளிவான மொழியுடைய பதிப்புதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதில் உள்ளவை 66 நூல்கள். நம் திருச்சபை ஏற்றுள்ளவை 73. அந்த மாணவி நூற்பட்டியலை மேலிருந்து கீழாக எத்தனை முறை பார்த்தாலும் சீராக் வராது. ‘இந்த நூல் இங்கே இல்லை’ என்ற அறிவிப்பும் வராது. அச்சு விவிலியத்தில் பத்துப் பக்கம் கிழிந்துபோனால், கிழிந்த இடம் கண்ணுக்குத் தெரியும். இங்கே கிழிசலே தெரிவதில்லை. இல்லாத நூலைப் பற்றி நினைக்கவே இடமில்லாதபடி பட்டியல் ஒழுங்காக, முழுமையாகத் தோன்றுகிறது.

இதைத்தான் நான் ஆபத்து என்கிறேன். நம் வகுப்பிலேயே “யூதித்து என்று ஒரு நூல் விவிலியத்தில் இருக்கிறதா?” என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் மறைக்கல்வி வகுப்பில் தூங்கியவர்கள் அல்லர். கைப்பேசியில் பார்த்து, இல்லை என்று கண்டு கேட்டவர்கள்.

அப்படி விடுபட்டுப்போகும் நூல்கள் எவை என்று எண்ணிப் பாருங்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள் ஆகிய ஏழும், எஸ்தர், தானியேல் நூல்களின் கிரேக்கப் பகுதிகளும். பெண்கள் பள்ளியில் படிக்கும் எனக்கு இதில் ஒரு தனி வருத்தம் உண்டு. தன் ஊரை முற்றுகையிட்ட படைத்தலைவனை அறிவாலும் துணிவாலும் வென்ற கைம்பெண் யூதித்து இந்நூல்களில்தான் இருக்கிறாள். இரண்டு முதியவர்கள் சேர்ந்து பொய்ப்பழி சுமத்தியபோதும் பாவத்திற்கு உடன்படாமல் இறைவனை நோக்கிக் கதறிய சூசன்னா இங்கேதான் இருக்கிறாள். அவள் கதை தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரம். 66 நூல் பதிப்புகளில் தானியேல் 12-ஆம் அதிகாரத்தோடு முடிந்துவிடும். தன் ஏழு புதல்வரும் ஒரே நாளில் கண்முன் கொல்லப்பட்டபோதும் அவர்களுக்குத் தைரியம் சொன்ன தாயை மக்கபேயர் இரண்டாம் நூலின் 7-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. தவறான தொகுதியை இறக்கினால் அவளே கிடையாது. ‘பெண்ணின் பெருமை’ என்று ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டி வைக்கிறோம். பேச வருகிறவர் கைப்பேசியைப் பார்த்துக் குறிப்பு எடுத்தால் இம்மூவரும் மேடைக்கு வரமாட்டார்கள்.

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோமே, இறந்தோருக்காக மன்றாடும் அந்த வழக்கத்திற்கு நாம் எடுத்துக்காட்டும் பகுதியும் மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரத்தில்தான் உள்ளது. பிரிவினைச் சபைத் தோழி ஒருத்தி, “இதற்கு விவிலியத்தில் ஆதாரம் உண்டா?” என்று அன்போடு கேட்டால், நம் கைப்பேசி நமக்குத் துணை நிற்காது.

இதற்காக யாரையும் குறை கூறக் கூடாது. 66 நூல்களைக் கொண்ட விவிலியம் பிரிவினைச் சபைச் சகோதரர்களின் விவிலியம். அவர்கள் அதை இலவசமாக உலகுக்குத் தந்திருக்கிறார்கள். தமிழில் புதிய ஏற்பாட்டை முதன்முதல் தரங்கம்பாடியில் அச்சிட்டு 1715-இல் முடித்தவர்களும் சீகன்பால்குவைச் சார்ந்த லுத்தரன் மறைப்பணியாளர்களே. விவிலியத்தைப் பரப்புவதில் அவர்கள் காட்டிய வேகத்தை நாம் பாராட்டத்தான் வேண்டும். இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். 1611-இல் வெளியான ஆங்கில ஜேம்ஸ் அரசர் பதிப்பில் இந்நூல்களும் இரு ஏற்பாடுகளுக்கும் இடையில் அச்சிடப்பட்டிருந்தன. பிரிட்டிஷ் வெளிநாட்டு விவிலியச் சங்கம் 1826-இல் இவற்றை அச்சிட்டுப் பரப்பப் பணம் செலவிடுவதில்லை என்று முடிவு செய்தது. அதன் பின்னர் இந்நூல்கள் இல்லாத பிரதிகளே உலகெங்கும் மலிவாகப் பரவின. அச்சுக் காலத்தில் மலிவாகக் கிடைத்ததே இன்று இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே நம் கைப்பேசியில் சீராக் இல்லாமைக்குக் காரணம் ஏதோ ஒரு பொத்தானில் மட்டும் இல்லை.

சரி, ‘73 நூல்கள்’ என்று பார்த்து இறக்கினால் போதுமா? ஜேம்ஸ் அரசர் பதிப்பை இணைப்பு நூல்களோடு தரும் தொகுதி ஒன்றும் களஞ்சியத்தில் உள்ளது. அதில் நம் நூல்கள் இருக்கும். நம் 73-இல் சேராத எஸ்திராவின் நூல்களும் மனாசேயின் மன்றாட்டும் கூட இருக்கும். 1546-இல் திரிதெந்து பொதுச்சங்கம் வரையறுத்த பட்டியல் வேறு, இந்தப் பட்டியல் வேறு. எண்ணிக்கையோடு பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி. ஆங்கிலத்தில் டூவே–ரீம்ஸ் பதிப்பு, ஆயர் சாலோனர் 1749 முதல் 1752 வரை திருத்திய வடிவில், தொகுதியாகக் கிடைக்கிறது. இது நம் பதிப்பு. ஆங்கிலம் பழையது என்பதால் நமக்குக் கொஞ்சம் கடினம்.

அதை இறக்கியவுடன் வேறொரு தொல்லை தொடங்கும். ‘ஆண்டவரே என் ஆயர்’ என்று நாம் மனப்பாடம் செய்த திருப்பாடல் எத்தனையாவது? 23 என்று எல்லாரும் கைதூக்குவோம். டூவே–ரீம்ஸில் அது 22. லத்தீன் வுல்காத்தாவும் கிரேக்க மொழிபெயர்ப்பும் 9, 10 ஆகிய இரு திருப்பாடல்களை ஒன்றாக எண்ணுவதால், அதற்குப் பின் வரும் பெரும்பாலானவற்றில் ஓர் எண் குறைந்துவிடுகிறது. தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வசதி மென்பொருளில் உண்டு. ஆனால் தொகுதியின் விவரக் கோப்பில் எண்ணும் முறை சரியாகக் குறிக்கப்படாவிட்டாலும், மென்பொருள் அதை ஒத்துப்பார்க்காவிட்டாலும், இடப்பக்கம் ஒரு பாடலும் வலப்பக்கம் வேறொரு பாடலும் நிற்கும். மனப்பாடப் போட்டிக்கு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் கவனிக்க! எண்ணோடு முதல் அடியையும் எழுதிக்கொள்வது பாதுகாப்பு.

அடுத்து விளக்கவுரைகள். இங்கேதான் நம்மவர்கள் பேராசைப்படுகிறார்கள். இலவசம் என்றால் இருபதையும் இறக்கிவிடுவது! இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் காப்புரிமை முடிந்த பழைய நூல்கள் என்பதை யாரும் எண்ணுவதில்லை. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்த பின்னரே நூல் பொதுவுடைமை ஆகிறது. களஞ்சியத்தில் எல்லாரும் முதலில் இறக்கும் விளக்கவுரை மத்தேயு ஹென்றியுடையது. அவர் 1714-இல் மறைந்த இங்கிலாந்து நாட்டுப் பிரிவினைச் சபைப் போதகர். பக்தியானவர்தான். ஆனால் திருவருள்சாதனங்களைப் பற்றிப் பத்தாம் வகுப்பு மறைக்கல்விக் கட்டுரை எழுத அவரைப் பார்த்து எழுதினால் சிஸ்டர் எத்தனை மதிப்பெண் போடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அகராதியும் அப்படியே. பெரிதும் பயன்படும் ஈஸ்டனின் விவிலிய அகராதி 1897-இல் வெளிவந்தது. சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் பழஞ்சுவடிகள் கண்டுபிடிக்கப்பட்டது 1947-இல். ஐம்பது ஆண்டு இடைவெளி! அக்குகைகளில் தோபித்து நூலின் அரமேய, எபிரேயத் துண்டுகளும் கிடைத்தன. சீராக் நூலின் எபிரேயத் துண்டுகளும் கிடைத்தன. இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய விவிலியக் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு வரிகூட அந்த அகராதியில் இருக்க வழியில்லை. பழையது என்பதாலேயே அதை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நூல் பிறந்த ஆண்டைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும் என்கிறேன். பழமையிலும் பொன் உண்டு. நான்கு நற்செய்திகளுக்கும் திருச்சபைத் தந்தையரின் விளக்கங்களைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் கோத்துத் தந்த ‘பொற்சங்கிலி’ என்ற நூலும் அதே களஞ்சியத்தில் ஆங்கிலத்தில் இலவசமாக உள்ளது. அதை இறக்கியவர் எத்தனை பேர்?

அக்களஞ்சியத்தில் ‘மரபுக்கு மாறானவை, ஐயத்திற்குரியவை’ என்ற பொருளில் ஒரு தனி அடுக்கே வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த அடுக்கை வகுத்தவர்கள் நம் ஆயர்கள் அல்லர். அதில் இல்லாததெல்லாம் நமக்கு ஏற்றது என்றும் ஆகாது. நம் திருச்சபைச் சட்டம் 825-ஆம் எண், விவிலியப் பதிப்புகளுக்குத் திருத்தூது ஆட்சிபீடம் அல்லது ஆயர் பேரவையின் ஒப்புதலும், போதிய விளக்கக் குறிப்புகளும் வேண்டும் என்கிறது. அச்சு நூலில் அந்த ஒப்புதலைப் பார்த்து வாங்கும் பெற்றோர், பிள்ளையின் கைப்பேசியில் அதைக் கேட்பதில்லை. “பைபிள்தானே படிக்கிறாள், சினிமாவா பார்க்கிறாள்!” என்று மகிழ்ந்துவிடுகிறார்கள்.

இடப் பற்றாக்குறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எழுத்து வடிவில் உள்ள விவிலியம் மிகச் சிறியது. ஆங்கில விவிலியம் முழுவதும் இடைவெளிகளையும் சேர்த்துச் சுமார் 40 லட்சம் குறிகள். அதாவது நான்கு மெகாபைட். தமிழில் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் தேவை என்பதால் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவே. அதையும் சுருக்கித்தான் தருகிறார்கள். கைப்பேசியை நிரப்புவது ஒலி வடிவம்தான். 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேர வாசிப்புக்கு ஏறத்தாழ 29 மெகாபைட் ஆகும். இருபது மணி நேரம் வாசித்தால் அரை ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். கண் மங்கிய பெரியவர்கள் உள்ள வீட்டில் அந்த ஒலித்தொகுதி இருக்கட்டும். அவர்களுக்கு அது தேவை. அதற்கு இடம் வேண்டுமானால் படிக்காத பன்னிரண்டு விளக்கவுரைகள் வெளியேறட்டும்.

வெளியேற்றுவதா? இங்கே பலருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. அது கேலிக்குரிய தயக்கம் அன்று. விவிலியம் கைதவறிக் கீழே விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். என் அம்மாச்சியின் கைப்பேசியில் ஒரே பதிப்பு இரண்டு முறை இருந்தது. ஒன்றை நீக்கப் போனபோது, “ஏட்டி, வேதபுஸ்தகத்தையா அழிக்கப் போற? பாவம்லா!” என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். “அழிக்கல அம்மாச்சி, அலமாரியில இருந்து எடுத்து வைக்கிறோம். வேணும்னா நாளைக்கே திரும்ப வந்திரும்” என்றேன். “அப்போ சரி. ஆனா மாதாவோட படத்தத் தொடாத” என்றார்கள்.

அம்மாச்சியின் கேள்வியை நான் பிறகு பல நாள் நினைத்துப் பார்த்தேன். கிழிந்த விவிலியத்தைக் குப்பையில் போடாமல் எரிப்பதோ புதைப்பதோ நம் வழக்கம். அந்த மரியாதை தாளுக்கும் மைக்கும் அன்று, அது தாங்கிய வார்த்தைக்கு. கைப்பேசியிலிருந்து நீக்கப்பட்ட தொகுதி களஞ்சியத்தில் அப்படியே இருக்கிறது. வார்த்தைக்கு ஒரு குறைவும் நேர்வதில்லை. பாவம் எதுவென்று கேட்டால், இருபது விவிலியத்தை வைத்துக்கொண்டு ஒன்றையும் திறக்காமல் இருப்பதைத்தான் நான் சொல்வேன்.

நீக்கும்போது உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று இருக்கிறது. நாம் கோடிட்ட வசனங்களும் எழுதிய குறிப்புகளும் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பது. ‘ஆண்ட் பைபிள்’ செயலியில் அவை தொகுதிக்குள் இல்லாமல் தனியாக இருக்கும். தொகுதியை நீக்கினால் போகாது. செயலியையே நீக்கினால் போய்விடும். அதனால் முதலில் காப்புப் பிரதி எடுத்துவைக்க வேண்டும். அதற்கு அச்செயலியிலேயே வசதி உள்ளது. ஸ்வோர்டு களஞ்சியத்தில் ‘பெர்சனல்’ என்று ஒரு வினோதமான தொகுதி உண்டு. அது எழுதப்படாத விளக்கவுரை; வசனத்திற்கு வசனம் நம் சிந்தனையை நாமே எழுதிக்கொள்ள விடப்பட்ட வெற்று நூல். அதை நீக்கினால் நீங்குவது நம் சொந்த எழுத்து. களஞ்சியத்திலிருந்து திரும்ப இறக்கினாலும் வெற்று நூல்தான் வரும்.

இனி ஒரு கசப்பான செய்தி. சில தொகுதிகள் பூட்டப்பட்டிருக்கும். உரியவரிடம் பணம் கட்டியோ அனுமதி பெற்றோ சாவியெண் வாங்கினால்தான் திறக்கும். இந்தச் சாவியெண்களைத் திருட்டுத்தனமாகச் சுற்றுக்கு விடுகிறவர்கள் உண்டு. “இறைவார்த்தைக்கு விலை என்ன?” என்று நியாயம் வேறு பேசுவார்கள். மொழிபெயர்த்தவர்களும் பிழை திருத்தியவர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். ஏழாம் கட்டளையை மீறி விவிலியத்தைத் திறந்து, அதில் ஏழாம் கட்டளையைப் படிப்பதா? பூட்டாதவற்றிலும் வேறுபாடு உண்டு. இந்தியத் திருத்திய பதிப்பை, அதைத் தயாரித்தவர் பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தின் கீழ் யாரும் யாருக்கும் தரலாம். வேறு சில தொகுதிகளின் விவரக் கோப்பிலோ, விநியோகிக்கும் அனுமதி கிராஸ்வயர் சங்கத்திற்கு மட்டும் தரப்பட்டுள்ளது என்று இருக்கும். அதை நாம் பிரதி எடுத்து வகுப்பு முழுவதும் கொடுக்கக் கூடாது. அவரவரே களஞ்சியத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும்.

இறக்குவதைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. ஸ்வோர்டு திட்டத்தின் நிறுவும் கருவி, இணையத்தைத் தொடும் முன் ஓர் எச்சரிக்கை தருகிறது. நீங்கள் விசுவாசத்திற்காகத் துன்புறுத்தப்படும் நாட்டில் இருந்து, கண்டுபிடிக்கப்படும் ஆபத்தை விரும்பாவிட்டால், இந்த வசதியைப் பயன்படுத்தாதீர்கள் என்பது அதன் கருத்து. நாம் படிக்காமல் ‘சரி’ என்று தட்டிவிடும் அந்த இடத்தில், எங்கோ நம் வயதுப் பெண் ஒருத்தி விரலை எடுத்துவிட்டுக் கதவைப் பார்க்கிறாள். அவளைப் போன்றவர்களுக்காகவே இணையத்தைத் தொடாமல் குறுந்தட்டிலிருந்தும் நினைவட்டையிலிருந்தும் தொகுதியை நிறுவும் வழியையும் வைத்திருக்கிறார்கள். அவளுக்கு ஒரு தொகுதி கிடைத்தால் அவள் அதை எப்படிப் படிப்பாள்!

இத்தனையும் சொல்லிவிட்டு, “ஆகவே அச்சு விவிலியமே சிறந்தது” என்று முடிக்க வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கலாம். ஆசிரியைகளில் சிலரும் அக்கருத்து உடையவர்களே. செபிப்பதற்கு அச்சு விவிலியம் சிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடையில் யாரும் அழைப்பதில்லை, விளம்பரம் வருவதில்லை. ஆனால் ஆய்ந்து படிப்பதற்கு மென்பொருள் செய்யும் உதவியை மறுக்க முடியாது. விசுவாசிகள் அனைவருக்கும் விவிலியத்தின் வாயில் அகலத் திறந்திருக்க வேண்டும் என்ற கருத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவெளிப்பாடு பற்றிய தன் ஏட்டில் தெரிவித்தது. கைப்பேசியும் அப்படி ஒரு வாயிலே. வாயிலை மூடச் சொல்வது தீர்வாகாது. உள்ளே வருவது என்ன என்று பார்க்க ஒருவர் வேண்டும்.

ஆகையால் நம் பள்ளிக்கு என் யோசனை இது. நூலகத்தில் புதிய நூல் வந்தால் சிஸ்டர் என்ன செய்கிறார்கள்? பதிவேட்டில் எண் போட்டு, தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, விலை எல்லாம் எழுதி, முத்திரை குத்திய பிறகே அடுக்கில் வைக்கிறார்கள். கணிப்பொறி அறையில் உள்ள விவிலிய மென்பொருளுக்கும் அப்படி ஒரு பதிவேடு வைப்போம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தொகுதியின் பெயர், பதிப்பு ஆண்டு, நூல்களின் எண்ணிக்கை, எண்ணும் முறை, உரிமம், திருத்த எண், இறக்கிய நாள் என்று கட்டம் போடுவோம். திருத்த எண் ஏன் என்றால், எழுத்துப்பிழை நீக்கிய புதுத் திருத்தங்கள் அவ்வப்போது வருகின்றன. நம்மிடம் இருப்பது எது என்று தெரிந்தால்தானே புதுப்பிக்க முடியும்? மாதம் ஒருமுறை இரண்டு மாணவியர் நூலகச் சிஸ்டருடன் அமர்ந்து சரிபார்க்கலாம். பருவம் முழுவதும் யாரும் திறக்காத தொகுதியை நீக்கிவிட்டு, நீக்கிய நாளையும் எழுதலாம். அந்தப் பட்டியலின் பிரதியைப் பெற்றோர் கூட்டத்தில் கொடுத்தால் வீட்டிலும் பயன்படும்.

அடுக்கில் எத்தனை வேண்டும்? என்னைக் கேட்டால் ஐந்து, ஆறு. டூவே–ரீம்ஸ், பொற்சங்கிலி, ஆண்டு தெரிந்த ஓர் அகராதி, ஒப்பிட்டுப் பார்க்க இந்தியத் திருத்திய பதிப்பு, குறிப்பெழுத அந்த வெற்று நூல். தமிழில் 73 நூல்களும் அடங்கிய நம் பதிப்பு, கத்தோலிக்கரும் பிரிவினைச் சபையினரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய ‘திருவிவிலியம்’. சீராக்கும் யூதித்தும் அதில் ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்ற பகுதியில் உள்ளன. அது காப்புரிமை உள்ள நூல். இணையத்தில் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிற எதையும் இறக்கிவிடாமல், அனுமதியோடு வெளியிடப்பட்டதுதானா என்று திண்டிவனத்தில் உள்ள தமிழ்நாடு விவிலிய மறைக்கல்வி திருவழிபாட்டு நடுநிலையத்திற்குப் பள்ளியின் பெயரால் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். தலைமையாசிரியைச் சிஸ்டர் கையெழுத்திட்டால், கடிதத்தை எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

பதில் வரும்வரை பதிவேட்டின் முதல் வரியைத் தமிழுக்காகக் காலியாக விட்டு, இரண்டாம் வரியிலிருந்து எழுதத் தொடங்கலாம். நூல்களின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 73 என்று எழுதுகிற நாள் வரும்வரையில், கணிப்பொறிக்குப் பக்கத்தில் நூலகத்து அச்சுத் திருவிவிலியம் ஒன்று இருக்கட்டும்.